வானத்துக்குச் சாயம் பூசினார்களா?

கேள்வி: வெப் தொலைநோக்கி எடுத்த நெபுலா படங்களைப் பார்த்து வாய் பிளந்தேன். நிறமெல்லாம் கம்ப்யூட்டரில் பூசியது என்கிறாரே நண்பர்?
– வாசகர், அனந்தபுரம்

பதில்: பிளந்த வாயை மூட வேண்டாம்! நிறம் சேர்ப்பது நிஜம். ஏமாற்று வேலை இல்லை. வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை; அது நம் கண்ணுக்கே தெரியாது. அதனால் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று ஒழுங்காக நிறம் மாற்றிக் கொடுக்கிறார்கள். 1995இல் ஹப்பிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம். எங்கே என்ன வாயு என்று நிறமே சொல்லிவிடும். எக்ஸ்-கதிரில் பார்க்க, 1999இல் ஏவிய 'சந்திரா' தொலைநோக்கி இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அதற்கு. எனக்கு இதில் பெருமை கொஞ்சம் அதிகம்!

உங்கள் நண்பரைத் தை மாதம் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். ஏறக்குறைய உச்சியில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். சற்றுத் தெற்கே புகை படிந்தாற்போல் மங்கலாக ஒரு புள்ளி. அதுதான் ஓரியன் நெபுலா. நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். தூரம் சுமார் 1,350 ஒளியாண்டு. உங்கள் ஊர்ப்பக்கம் மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்த அதே 7ஆம் நூற்றாண்டில் கிளம்பிய வெளிச்சம் அது. சாதாரண பைனாகுலர் போதும். பிள்ளைகளையும் எழுப்பிக் காட்டுங்கள்.