சாம்பல் மேட்டில் ராகமாலிகை

1969இல் டீப் பர்ப்பிள் ராக் குழு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பில்ஹார்மோனிக் வயலின்களோடு சேர்ந்து வாசித்தது. முரட்டுப் பிள்ளை திருந்திவிட்டான் என்று பெரியவர்கள் மெச்சியிருப்பார்கள். நம்மூரில் கதை தலைகீழ். 2017 ஜனவரியில் வந்த ‘பொறம்போக்கு’ பாடல் காணொளியில், சபாக்களில் பழுத்த கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா முகத்தில் மாஸ்க்கோடு எண்ணூரில் நிற்கிறார். கபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழ் வரிகள், ஆனந்தபைரவி, பேகடா என்று ராகமாலிகையாக ஓடுகிறது. ரசிகமணிகள் சிலருக்குப் பாவம், ஒரே கவலை: கீர்த்தனை மாதிரி ஒன்றில் ‘பொறம்போக்கு’ வரலாமா? எண்ணூரின் கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் வரலாமா என்பது அடுத்த சீசனுக்கு ஒத்திவைப்பு. அங்கே மீன்பிடிக்கும் காட்டுக்குப்பத்துக்காரர்களுக்கு ராகம் பிடிபட்டதோ என்னவோ, மாஸ்க் எதற்கென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சபா மாதிரி கேன்டீன் இல்லாததுதான் குறை. கழியில் இறாலும் வரத்துக் குறைவு.