சி நூலகத்து உரைகள் மூப்படையும் முறை: ஓர் ஆய்வு

சி மொழியில் சாய்கோடும் நட்சத்திரமும் இட்டுத் திறந்து, நட்சத்திரமும் சாய்கோடும் இட்டு மூடும் பகுதி கமெண்ட் எனப்படும். நிரல் மூலம் என்றால் இது உரை. மூலத்தைத் திருத்துவோர் உரையைத் தொடாமல் போவது ஏன் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா.

உரையைத் திருத்துவதால் நிகழ்வது யாதுமில்லை என்பது முதற்காரணம். தரநிலைப்படி கம்பைலர் ஒவ்வொரு கமெண்டையும் ஒரே ஓர் இடைவெளியாக மாற்றிவிடும். மூன்று சொல்லாயினும் முந்நூறு வரியாயினும் சரி. விலக்கு ஒன்றுண்டு: உரை ஒரு வரி நீண்டால், கீழேயுள்ள 'அசெர்ட்' சோதனை தோற்கும்போது காட்டும் வரி எண்ணில் ஒன்று கூடும். உரையாசிரியர் புகழ் அவ்வளவே.

உரைகள் நால்வகைப்படும்.

கிளியுரை: நீளத்தைத் தரும் ஃபங்ஷனுக்கு மேலே 'நீளத்தைத் தரும்' என்றிருக்கும்.

நடுகல்லுரை: ஃபங்ஷன் வாங்குவது இரண்டு பாராமீட்டர், உரை விளக்குவது மூன்று. மூன்றாவது ஏதோ ஒரு வெர்ஷனில் வீழ்ந்துபட்டது.

சொத்துரை: திரும்பி வரும் பாயிண்டரை ஃப்ரீ செய்ய வேண்டியவர் யார்? 'சார் ஸ்டார்' என்ற டைப் வாய் திறக்காது. உரைதான் சொல்ல வேண்டும். இது பழசானால் மெமரி கசியும். அல்லது அழைத்தவரும் நூலகமும் தனித்தனியே விடுவித்து நிரல் விழும்.

ஆணையுரை: மேற்சொன்ன பொதுவிதிக்குப் புறம்பாக, இயந்திரமே படிப்பது. 2017இல் வந்த ஜிசிசி 7 கம்பைலரில் அதற்குரிய எச்சரிக்கையை இயக்கினால், ஸ்விட்சில் ஒரு கேஸ் பிரேக் இன்றி அடுத்ததில் இறங்குவதைக் கண்டிக்கும். தெரிந்தே இறங்குவதாகக் கமெண்ட் எழுதினால் அடங்கும். ஜிடிகே என்னும் இடைமுக நூலகத்தில் சொத்துரையே ஆணையுரையாகப் பதவி உயர்ந்துவிட்டது. பாயிண்டர் யாருக்கு உரியது என்று கமெண்டில் எழுதியதைப் படித்தே பைத்தான் இணைப்பு நடந்துகொள்கிறது.

உரை திருத்தமாக இருந்தாலும் படிப்பார் உண்டா? தரநிலையும் ஓர் உரையே. நினைவை நகலெடுக்கும் 'மெம்காப்பி'க்குத் தரும் இரு நினைவிடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது 1989ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே உள்ளது. ஃபிளாஷ் பிளேயர் படியவிட்டது, பழுதின்றி ஓடியது. 2010இல் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி வேகத்துக்காகச் சில பிராசஸர்களில் பின்னிருந்து நகலெடுக்கத் தொடங்கியதும் ஃபெடோரா 14 லினக்ஸில் அதன் ஒலி கரகரத்தது. உரை பக்கம் நியாயம் இருந்தும், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் பயனர் பக்கம் நின்றார். ஜிலிப்சி 2.14இல் பழைய நிரல்களுக்கு மட்டும், இடங்கள் படிந்தாலும் பிழையாத 'மெம்மூவ்' போல் நடக்கும் மெம்காப்பி ஒதுக்கப்பட்டது. உரையைப் படியாதவர்க்காக மூலம் வளைந்த அரிய நிகழ்வு இது.

பெறப்படும் முடிவு: உரையின் மெய்ம்மை எழுதியவர் ஒழுக்கத்தைப் பொறுத்ததன்று, அது பொய்த்தால் எது உடையும் என்பதைப் பொறுத்தது. ஆகவே உடைய வைப்பதே மருந்து. பாராமீட்டர் பெயர் பொருந்தாவிட்டால், கமெண்டிலிருந்து ஆவணம் ஆக்கும் டாக்ஸிஜன் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பிழையாகக் கொண்டு பில்டை நிறுத்தலாம். நடுகற்கள் அன்றே அகலும். கிளியுரையை மட்டும் இவ்வழியில் பிடிக்க இயலாது. அதில் பிழையே இல்லை.