சாய்வுக்கும் ஒரு சாய்வு

கே: முதல் வகைக்கெழு, இரண்டாம் வகைக்கெழு. ஒரே வரியில் விளக்க முடியுமா? (பிளஸ் ஒன் மாணவி, கரூர்)

ப: ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது முதலாவது, அந்த வேகமே எப்படி மாறுகிறது என்பது இரண்டாவது. பஸ்ஸில் ஸ்பீடாமீட்டர் முள் காட்டுவது முதலாவதை. டிரைவர் சடாரென்று பிரேக் போட்டதும் முன்சீட்டுக் கம்பியை நோக்கி உங்கள் மூக்கு கிளம்புகிறதே, அது இரண்டாவதின் வேலை. நேரான சாலையில் சீராக 80 கி.மீ. வேகத்தில் போகும்போது மூக்குக்கு ஒரு தகவலும் வருவதில்லை.

கே: டி-ஸ்கொயர் ஒய் பை டி-எக்ஸ் ஸ்கொயர் என்கிறார்கள். 2 ஏன் மேலே ஓரிடத்திலும் கீழே வேறிடத்திலும் உட்கார்ந்திருக்கிறது? (மதுரை)

ப: மேலே ‘டி’ என்ற செயல்தான் இருமுறை நடக்கிறது, ஒய் ஒன்றேதான். கீழே டி-எக்ஸ் முழுசாக ஒரே ஆள். அவரால் இருமுறை வகுக்கிறோம். சந்தேகமென்றால், தூரத்தின் இரண்டாம் வகைக்கெழுவான முடுக்கத்தின் அலகைப் பாருங்கள்: மீட்டர் பை விநாடி ஸ்கொயர். மீட்டருக்கு வர்க்கம் இல்லை, விநாடிக்கு மட்டும் உண்டு. முதல் வகைக்கெழுவை வர்க்கப்படுத்தினால் இரண்டாவது வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கும் இதே மருந்து. எக்ஸ்²-ஐ ஒருமுறை வகையிட்டால் 2எக்ஸ். இன்னொரு முறை வகையிட்டால் வெறும் 2. வர்க்கப்படுத்தினால் 4எக்ஸ்². மார்க்கும் அதோடு போயிற்று.

கே: மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது முடுக்கமும் பூச்சியம்தானே? (தஞ்சாவூர்)

ப: முடுக்கமும் பூச்சியமென்றால் பந்து அங்கேயே குடியிருக்கும். திசைவேகம் பூச்சியம், முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி விநாடி ஸ்கொயருக்கு 9.8 மீட்டர். ஒரு புள்ளியில் முதலாவது பூச்சியமானால் இரண்டாவதும் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கே: பெருமம், சிறுமம் கணக்கில் எது எதற்கு என்று குழம்புகிறது. ஒன்றைப் போட்டுக் காட்டுங்களேன். (பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி)

ப: போடுவோம். எக்ஸ்³ − 6எக்ஸ்² + 9எக்ஸ் + 2. ஒவ்வொரு உறுப்பிலும் அடுக்கை முன்னால் இறக்கிப் பெருக்கி, அடுக்கில் ஒன்றைக் குறையுங்கள். 3எக்ஸ்² − 12எக்ஸ் + 9 வரும். தனியாக நின்ற 2 மாறாதது, அதனால் மறைந்துவிட்டது. இந்த முதல் வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினால் எக்ஸ் 1 அல்லது 3. அந்த இரண்டு இடங்களிலும் தொடுகோடு படுத்திருக்கிறது. ஆனால் அது மலையுச்சியா பள்ளமா என்று முதல் வகைக்கெழுவின் பூச்சியம் சொல்லாது. மறுபடி வகையிடுங்கள்: 6எக்ஸ் − 12. எக்ஸ் 1 என்றால் −6. சாய்வு, அதாவது முதல் வகைக்கெழு, குறைந்துகொண்டே வருகிறது, ஏறியவன் இறங்கப் போகிறான், ஆகவே பெருமம். மதிப்பு 6. எக்ஸ் 3 என்றால் +6. சிறுமம், மதிப்பு 2. குறை என்றால் பெருமம், மிகை என்றால் சிறுமம் என்று மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலில் தலைகீழாகத்தான் ஞாபகம் வரும். ஏறியவனை நினையுங்கள். எக்ஸ் 2-ல் 6எக்ஸ் − 12 பூச்சியம். குறி மாறுவதால் அது வளைவு மாற்றப் புள்ளி.

கே: இரண்டாவதும் பூச்சியமாகிவிட்டால்? (அதே மாணவர்)

ப: சோதனை கையை விரித்துவிடும். பூச்சியப் புள்ளியில் எக்ஸ்³, எக்ஸ்⁴ இரண்டுக்குமே முதலாவதும் பூச்சியம், இரண்டாவதும் பூச்சியம். எக்ஸ்⁴-க்கு அங்கே சிறுமம். எக்ஸ்³-க்கு இரண்டும் இல்லை. பழையபடி முதல் வகைக்கெழு இருபுறமும் குறி மாறுகிறதா என்று பாருங்கள்.

கே: நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தது நியூட்டனா, லைப்னிட்ஸா? (சேலம்)

ப: இருவரும், தனித்தனியாக. யார் முதல் என்ற தகராறில் லண்டன் ராயல் சொசைட்டியின் கமிட்டி நியூட்டனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அப்போது சொசைட்டியின் தலைவர் நியூட்டன். அறிக்கையை எழுதியவரும் அவரே. ஆனால் மேலே நாம் டி-எக்ஸ் என்று எழுதியது லைப்னிட்ஸின் குறியீடு.

கே: மூன்றாம் வகைக்கெழுவால் யாருக்காவது பயன் உண்டா? (ஈரோடு)

ப: அரசியல்வாதிகளுக்கு. பணவீக்கம் அதிகரிக்கும் வேகம் குறைகிறது என்று 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் அறிவித்ததாகக் கணித அறிஞர் ஹியூகோ ரோசி 1996-ல் எழுதினார். விலை ஏறுவது முதலாவது, அந்த ஏற்றம் கூடுவது இரண்டாவது, கூடும் வேகம் குறைவது மூன்றாவது. அதாவது விலையும் ஏறிக்கொண்டிருந்தது, பணவீக்கமும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த 1972 தேர்தலில் நிக்சன் ஜெயித்தார்.