பேனா இல்லாத லோயர்

கோத்தா கோலா மூடாவிலிருந்து சுங்கை பட்டாணி போகிற வழியில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் ‘லோயர் அண்ணன்’ ஒருவர் இருப்பார். சட்டக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். வீடு வாங்கியவரிடம், “அவசரப்பட்டுட்டீங்களே” என்பார். வாங்காதவரிடம், “கோட்டை விட்டுட்டீங்களே” என்பார். இரண்டு ஜோசியமும் பலிக்கும். நடந்து முடிந்த பிறகு சொல்லப்படுபவை ஆயிற்றே. வீடு கட்டும் குத்தகையாளருக்குக் கணக்கு வழக்கு, மேம்பாட்டாளருக்கு நிர்வாகம், நிஜ லோயருக்கே தொழில் நடத்தும் விதம் என்று ஒரு கிளாஸ் தேநீர் ஆறுவதற்குள் மூன்று துறைக்கும் வழி சொல்லிவிடுவார். அவர் கைப்பையில் பிறருடைய நிலக் கிராண்ட் நகல், நில அலுவலகப் பாரங்கள், யாரோ கொடுத்த தண்ணீர் பில் எல்லாம் இருக்கும். பேனா மட்டும் இருக்காது. அவரைப் புரிந்துகொள்ள அந்த இல்லாத பேனாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவருடைய சர்வரோக நிவாரணி கேவியட். அண்ணன் தம்பி தகராறா, முன்பணம் வாங்கியவன் முகம் காட்டவில்லையா, பக்கத்து வீட்டு மாமரம் வேலி தாண்டிவிட்டதா? “மொதல்ல ஒரு கேவியட் போட்டுடுங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்!” மருந்து பொய்யில்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, நிலத்தில் உரிமை கோருபவர் 19பி பாரத்தில் விண்ணப்பித்துத் தனியார் கேவியட் பதியலாம்; இடையில் நீக்கப்படாவிட்டால் அது 6 ஆண்டு நிலத்தைக் கட்டிப்போடும். அண்ணன் விழுங்கிவிடுவது பத்தியத்தை: தக்க காரணமின்றிக் கேவியட் போட்டு இன்னொருவருக்கு நட்டம் வந்தால், போட்டவர் இழப்பீடு தர வேண்டும். போட்டவர் என்றால் கையெழுத்திட்டவர். யோசனை சொன்னவர் பெயரை எழுத அந்தப் பாரத்தில் கட்டமே கிடையாது. வாரிசுச் சொத்திலும் இதே கதைதான். நில அலுவலகம் வழியே பங்கிடக்கூடிய சிறு சொத்தின் உச்சவரம்பு 2024 ஜூலையில் 2 மில்லியன் வெள்ளியிலிருந்து 5 மில்லியனாக உயர்ந்துவிட்டது. அண்ணன் இன்னும் பழைய கணக்கிலேயே ஆட்களைக் கோர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். அலைச்சல் போனவருக்கு, தேநீர் இவருக்கு.

எளியவர்களுக்கு அவரை விட்டால் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தலைமுறைகளாகக் கம்பெனி லயத்தில் குடியிருந்தவர்களுக்குக் கிராண்ட் என்பது துரை வீட்டு அலமாரிப் பொருள். ஆனால் அதே மக்கள் பொறுப்பேற்ற ஆலோசனையையும் பார்த்திருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அப்போதைய ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். மறு ஆண்டே இதே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அவரும் பேசித்தான் ஆள் சேர்த்தார். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் கணக்குக் கேட்க ஒரு சங்கம் இருந்தது. சரி, கட்டணம் வாங்கும் லோயர் மட்டும் தவறுவதில்லையா? தவறுவார். 2023ஆம் ஆண்டு லோயர் கட்டண ஆணைப்படி வீட்டு விற்பனைப் பத்திரத்துக்கு முதல் 5 லட்சம் வெள்ளிவரை 1.25 விழுக்காடு; 3 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 3,750 வெள்ளி. அந்தக் காசில் ஒரு பங்கு, தவறினால் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவுக்கு: ஒழுங்கு நடவடிக்கை வாரியம் இருக்கிறது, கட்டாயக் காப்புறுதி இருக்கிறது.

அதற்காக அண்ணனை ஊரை விட்டு விரட்ட வேண்டியதில்லை. எந்தக் கவுன்டர், எந்தப் பாரம், எந்த அதிகாரி மதியத்துக்குப் பின்னும் நாற்காலியில் இருப்பார் என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கைகாட்டி மரமாக அவரை வைத்துக்கொள்ளலாம். “கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுங்க” என்று சொல்லும்போது மட்டும், “சாட்சியா நீங்களும் ஒண்ணு போடுங்கண்ணே” என்று பேனாவை நீட்டிப் பாருங்கள். படகு கரைக்கு வரும் நேரம், மீன் வாங்கப் போக வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும்.