கூட்டணி தர்மம்

பிக் டென் என்ற கூட்டணியில் இன்று பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பிக் 12-இல் பதினாறு. அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணியில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்திருக்கின்றன. இரண்டும் இருப்பது பசிபிக் கரையோரத்தில். எல்லாமே பேர்பெற்ற உயர்கல்வி நிறுவனங்கள். எண்ணவும் வரைபடம் பார்க்கவும் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் அங்கே பட்டம் கொடுக்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைச் சொல்கிறேன். பேர்தான் கால்பந்து, பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். தலையில் ஹெல்மெட்டும் தோளில் கவசமுமாகப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் மோதிச் சாய்ப்பார்கள். ஒரு வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளச் செய்துகொண்ட ஏற்பாடு கான்ஃபரன்ஸ். நாம் கூட்டணி என்றே சொல்லலாம், நடத்தையும் அப்படியே. எந்தக் கூட்டணி நாட்டை ஆள்கிறது என்று ரசிகர்களுக்குள் வருடம் முழுக்க அடிதடி. தெற்கத்தி ரத்தம் என்பான் ஒருவன், மத்திய மேற்கின் உழைப்பு என்பான் இன்னொருவன். நூறு வருடக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் ரத்தமும் கிடையாது, மண்வாசனையும் கிடையாது. எவனுக்குக் கதவைத் திறந்தார்கள், எவன் முகத்தில் சாத்தினார்கள், கல்லாப்பெட்டிச் சாவி யார் இடுப்பில் தொங்கியது என்பதுதான் இருக்கிறது.

முதல் போட்டி 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில், ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. அதற்கப்புறம் சில பத்தாண்டுகள் யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் வைத்ததே சட்டம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டதற்கு ஒழுக்கப் பயிற்சி என்று பெயர் வைத்தார்கள். பையன்கள் மைதானத்திலேயே செத்து விழுந்தபோது, 1905-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மூன்று பல்கலைக்கழகங்களின் ஆட்களையும் வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் புத்தி சொல்லவேண்டி வந்தது. பிற்பாடு, ஆட்டத்துக்காக உதவித்தொகை கொடுப்பதில்லை என்று அவர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். பெரிய துறவு என்று கும்பிட வேண்டியதில்லை. யேலின் கஜானா சனிக்கிழமை டிக்கெட்டை நம்பி இல்லை.

நிஜமான துறவு சிகாகோ பல்கலைக்கழகத்துடையது. பிக் டென்னைத் தொடங்கிய ஏழு பேரில் ஒன்று அது. ஒரு காலத்தில் சாம்பியன். 1939-இல் மிச்சிகனிடம் 85-0 என்று உதை வாங்கியது. அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அந்த வருடத்தோடு ஆட்டத்தையே ஏறக்கட்டிவிட்டார். கால்பந்து ஒழிந்த ஸ்டாக் ஃபீல்டின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. கால்பந்து இல்லாவிட்டால் பல்கலைக்கழகமே படுத்துவிடும் என்று இன்றைக்கும் கண்ணீர் வடிக்கும் துணைவேந்தர்கள் அந்த மாடத்தின் பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தெற்குக்கு வருவோம். எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கூட்டணி 1932-இல் பிறந்தது. அதன் ஆதிக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரசிகனுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பாரம்பரியம் என்பான், பண்பாடு என்பான். அந்தப் பண்பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

1962 செப்டம்பர் 29, சனிக்கிழமை இரவு. மிசிசிப்பியின் ஜாக்சன் நகர மைதானத்தில் ஓல் மிஸ் என்று செல்லமாக அழைக்கப்படும் மிசிசிப்பிப் பல்கலைக்கழக அணியும் கென்டக்கியும் ஆடுகின்றன. ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞரை ஓல் மிஸ்ஸில் சேர்த்தாக வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. இடைவேளையில் ஆளுநர் ராஸ் பார்னெட் ஒலிபெருக்கியைப் பிடித்து, தன் மாநிலத்தின் மீதும் அதன் வழக்கங்களின் மீதும் தனக்குள்ள காதலைச் சொல்கிறார். அடிமை முறைக்காகப் போரிட்ட பழைய கூட்டமைப்பின் கொடிகள் மாடமெங்கும் ஆடுகின்றன. மறுநாள் இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம். இரண்டு பேர் பிணமானார்கள். ஓல் மிஸ் அந்த வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்த அணியின் சாதனையைப் பட்டியலிடும் புண்ணியவான்கள் எதிரணியில் யார் யார் ஆட அனுமதிக்கப்பட்டார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதினால் நன்றாக இருக்கும்.

அந்தக் காலத்தில் தெற்கத்திக் கறுப்பினப் பையன்கள் எங்கே போனார்கள்? ரயிலேறி வடக்கே போனார்கள். 1965-இலும் 1966-இலும் பிக் டென்னை வென்ற மிச்சிகன் ஸ்டேட் அணியின் ஊர்க்கணக்கைப் பாருங்கள்: பப்பா ஸ்மித் டெக்சாஸின் பியூமான்ட், ஜீன் வாஷிங்டன் அதே டெக்சாஸின் லா போர்ட், ஜார்ஜ் வெப்ஸ்டர் தென் கரோலினா, பந்து வீசிய ஜிம்மி ரே வட கரோலினா. சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் வாசலிலேயே நிறுத்திவைத்த பிள்ளைகள். பனியில் ஊறிய வடக்கத்தி உரம் என்று பத்திரிகைகள் புகழ்ந்தது இவர்களைத்தான்.

அடுத்து வருவது புராணம். 1970 செப்டம்பர் 12 அன்று தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் பர்மிங்ஹாமுக்கு வந்து அலபாமாவை 42-21 என்று நொறுக்கியது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரர் அன்று அலபாமாவின் தடுப்பைப் பிளந்துகொண்டு ஓடினார். அவரோடு ஓடிய கிளாரன்ஸ் டேவிஸ் பிறந்ததே பர்மிங்ஹாமில். சொந்த ஊரில் ஆடுவதற்கு அவர் அடுத்த கடற்கரை அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. அந்த ஒரு தோல்வியில் பயிற்சியாளர் பேர் பிரையன்டுக்கு ஞானோதயம் வந்து கதவைத் திறந்தார் என்பது கதை. நல்ல கதைதான். ஆனால் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவர் அதற்கு முன்பே அலபாமாவின் உதவித்தொகை பெற்று, முதலாண்டு மாணவர் என்பதால் ஆட முடியாமல், அன்று மாடத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கும் முந்தைய வருடம், 1969-இல், அலபாமாவின் கறுப்பின மாணவர்கள் யூ.டபிள்யூ. கிளெமன் என்ற இளம் வழக்கறிஞரைப் பிடித்துப் பல்கலைக்கழகத்தின் மீதும் பிரையன்ட் மீதும் வழக்கே போட்டுவிட்டார்கள். கிளெமன் பின்னாளில் அலபாமாவின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி ஆனார். ஆனால் மைதானத்துக்குப் பேர் வைத்தது பிரையன்டுக்கு. வழக்குப் போட்டவனை மறந்துவிட்டு வழக்கில் சிக்கியவனுக்கு மாலை போடுவதில் எந்த ஊரும் சளைத்ததில்லை.

எஸ்.இ.சி.யின் கடைசிக் கதவுகள் 1972-இல் திறந்தன. வடக்கே ரயிலேறிய பையன்களுக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளூரிலேயே தங்கினார்கள். 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு தேசியப் பட்டங்கள் எஸ்.இ.சி.க்கு. அலபாமாவுக்கு மூன்று, ஃப்ளோரிடாவுக்கு இரண்டு, எல்.எஸ்.யூ. என்ற லூசியானா ஸ்டேட்டுக்கும் ஆபர்னுக்கும் ஒவ்வொன்று. 2011-இல் இறுதிப் போட்டியே அலபாமாவுக்கும் எல்.எஸ்.யூ.வுக்கும் நடுவேதான், வேறு யாருக்கும் இடமில்லை. துரத்தியடித்த காலத்திலும் பாரம்பரியம் என்றார்கள், தழுவிக்கொண்ட காலத்திலும் அதையே சொல்கிறார்கள்.

இனி கல்லாப்பெட்டி. கல்லூரி விளையாட்டுகளைக் கட்டி மேய்க்கும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு ஒரு காலத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தன் கைக்குள் வைத்திருந்தது. 1981-இல் ஒரு வாரம், ஓக்லஹோமாவும் தெற்குக் கலிபோர்னியாவும் மோதியதை இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் காட்டின. அதே வாரம் சிட்டடெல் என்ற சின்னக் கல்லூரிக்கும் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கும் நடந்த ஆட்டத்தை நாலே நாலு நிலையங்கள் காட்டின. நான்கு அணிகளுக்கும் ஒரே தொகை. பெரியவர்களுக்கு இது பொறுக்குமா? ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் நீதிமன்றம் போயின. 1984-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் என்.சி.ஏ.ஏ.வின் பிடியை உடைத்தது. எதிர்த்து எழுதிய பைரன் வைட், தாமே கல்லூரிக் காலத்தில் நட்சத்திர ஆட்டக்காரராக இருந்தவர்; இதை வெறும் வியாபாரமாகப் பார்க்கக் கூடாது என்றார். ஆடித் தெரிந்தவர் பேச்சை யார் கேட்டார்கள்? சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் சுதந்திரச் சந்தை என்று முழங்கியவர்கள் அந்தச் சந்தையில் ஆடுகிறவனுக்கு மட்டும் விலை கிடையாது என்று இன்னும் முப்பத்தேழு வருடம் சாதித்தார்களே, அந்தத் துணிச்சலை என்ன சொல்வது.

டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் மாட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான். பதின்மூன்று வீரர்களுக்கு ரகசியமாக மொத்தம் 61,000 டாலர் கொடுத்தது குற்றம். 1987-இல் என்.சி.ஏ.ஏ. அந்த வருடத்து ஆட்டங்களையே ரத்து செய்தது. ‘மரண தண்டனை’ என்றே பேர். பட்டுவாடா தொடரட்டும் என்று ஒப்புக்கொண்டவர்களில் டெக்சாஸ் ஆளுநர் பில் கிளெமன்ட்ஸும் உண்டு, அவரே ஒத்துக்கொண்டார். அணி செத்தது, ஆளுநர் பதவியில் இருந்தார். அந்தப் பல்கலைக்கழகம் இருந்த சவுத்வெஸ்ட் கூட்டணியிலிருந்து ஆர்கன்சா எஸ்.இ.சி.க்குத் தாவியது. நான்கு டெக்சாஸ் பெரியவர்கள் பிக் 12-க்குப் போனார்கள். 1996-இல் கூட்டணியே காலி. அதன் எண்பது வருட ஆதிக்கத்தைப் பற்றி இப்போது யாரும் மூச்சு விடுவதில்லை.

பசிபிக் கரையின் கதை இதைவிட அசிங்கம். 1915-இல் தொடங்கிய கூட்டணி அது. 2022-இல் லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும், தெற்குக் கலிபோர்னியாவும் யூ.சி.எல்.ஏ.வும், பிக் டென்னுக்குப் போகிறோம் என்றன. பிக் டென் அந்தக் கோடையிலேயே ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேலான ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. 2023 ஆகஸ்ட் 4, ஒரே வெள்ளிக்கிழமையில் ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஐந்தும் கிளம்பின. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் கிடைத்த அட்லாண்டிக்கில் ஒதுங்கின. மிச்சம் இருந்தவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே இரண்டு. அவை ஆட்டத்தில் தோற்றவை அல்ல. சின்ன ஊரில் இருக்கின்றன, டி.வி. பெட்டிகள் குறைவு, அவ்வளவுதான் பாவம். யூ.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள். ஓடிப்போன யூ.சி.எல்.ஏ. கைவிடப்பட்ட பெர்க்லிக்கு வருடம் ஒரு கோடி டாலர் ஜீவனாம்சம் கட்ட வேண்டும் என்று ஆட்சிக்குழு தீர்ப்புச் சொன்னது. விமானச் செலவும் களைப்பும் கால்பந்து வீரர்களோடு நிற்பதில்லை. சாஃப்ட்பால் ஆடும் பெண்ணும் கூட்டணி ஆட்டத்துக்காகத் தேர்வுப் புத்தகத்தோடு நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து ரட்கர்ஸ் இருக்கும் நியூ ஜெர்சிக்குப் போக வேண்டும். அவள் ஆட்டத்தை 700 கோடிக்கு யாரும் வாங்கவில்லை.

களத்தில் ஜெயித்தால் போதும் என்று இன்னும் நம்புகிறவர்கள் ஃப்ளோரிடா ஸ்டேட்டைக் கேட்கலாம். 2023-இல் பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்று வெற்றி, கூட்டணி சாம்பியன். அப்போது நான்கு பேர் ஆடிய தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கப் பதின்மூன்று பேர் கொண்ட குழு கூடியது. பந்து வீசும் பையனுக்குக் கால் உடைந்துவிட்டது, இனிமேல் நீங்கள் பலமான அணி இல்லை என்று சொல்லி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை உள்ளே எடுத்தார்கள். அலபாமா எந்தக் கூட்டணி என்று சொல்ல வேண்டியதில்லை. பையன் கால் உடைந்து படுத்திருக்கிறான். அந்தக் காலையே சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த இரண்டு பட்டங்களில் மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் என்று பிக் டென் கை ஓங்கியது. வடக்கு திரும்பி வந்துவிட்டது என்று கொட்டுமேளம். 2021-இல் வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனதும் யாரிடம் பணக்காரப் பழைய மாணவர்கள் அதிகமோ அங்கே பலம் சேர்ந்தது. இதில் திரும்பி வர என்ன இருக்கிறது? 2026 முதல் தேசியப் போட்டி எப்படி நடக்க வேண்டும் என்பதில் பெரும்பிடி பிக் டென்னுக்கும் எஸ்.இ.சி.க்கும் என்று எழுதி வாங்கியாகிவிட்டது. இனி ஆதிக்கத்துக்கு ஆடவே வேண்டாம், கையெழுத்து போதும்.

சதர்ன் மெதடிஸ்ட்டும் திரும்பி வந்தது. ஒன்பது வருடம் டி.வி. பணத்தில் பங்கு வேண்டாம், உள்ளே மட்டும் விடுங்கள் என்று அட்லாண்டிக் கூட்டணியின் காலில் விழுந்து 2024-இல் இடம் பிடித்தது. முதல் வருடமே தேசியப் போட்டிக்கும் போனது. 2025-இல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு நேரடியாக வருடம் இரண்டு கோடி டாலருக்கு மேல் கொடுக்கலாம். 61,000 டாலருக்குத் தூக்கில் போட்ட அதே விளையாட்டில்.

கூடவே ஒரு புது அலுவலகமும் திறந்திருக்கிறார்கள். வெளியார் ஒருவரிடமிருந்து மாணவன் 600 டாலர் வாங்கினாலும் அது நியாயமான சந்தை விலைதானா என்று சோதிக்க வேண்டுமாம். டெலாய்ட் நிறுவனம் அதற்கென்றே தனி ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு நீக்கியது. இனிமேல் அவர் பயிற்சி கொடுக்காமல் இருப்பதற்காக ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது ஏழரைக் கோடி டாலருக்கு மேல். அது நியாய விலைதானா என்று கேட்க அலுவலகமும் கிடையாது, டெலாய்ட்டும் கிடையாது.