கடைமடைக்கு வைஃபை வருமா?

கே: எங்களுடையது பாட்டன் காலத்து வீடு. ரேழியில் வைஃபை கொட்டுகிறது. கொல்லைக்கட்டில் ஒரு கோடுகூட இல்லை. இணைப்பு கொடுத்தவரைக் கேட்டால், “100 எம்.பி.பி.எஸ். விட்டாச்சு மேடம்” என்கிறார். பொய்தானே?
– கொல்லைக்கட்டு மருமகள், கும்பகோணம்

ப: பொய்யில்லை, அம்மணி. ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம் என்பதும் நிஜம். தலைஞாயிற்றுக் கடைமடையில் வாய்க்கால் காய்கிறது என்பதும் நிஜம். உங்கள் வீட்டுக் கோளாறு வாய்க்காலில் இருக்கிறது.

வயர் வாசல் வழியாக வந்திருக்கும். ஆணி அடிக்கச் சௌகரியமான இடம் ரேழி. ரவுட்டரை அங்கேயே மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அங்கிருந்து கூடம், இரண்டாம் கட்டு, சமையலறை எல்லாம் தாண்டி அலை உங்களிடம் வர வேண்டும். நடுவில் நிற்பவை சுண்ணாம்புக் காரைச் சுவர்கள். ஒவ்வொன்றும் ஆள் ஒளிந்துகொள்ளும் கனம்.

உங்கள் ரவுட்டர் பெரும்பாலும் இரண்டு பெயரில் வைஃபை காட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகக்காரன், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடுவான். 2.4 நிதானம், சுவரைத் தாண்டுவதில் இவன் தேவலை. கொல்லையில் உட்காருகிறவர் 2.4-ஐப் பிடிக்கட்டும். போதவில்லையா? ரவுட்டரை முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்துக்கு மாற்றி, சாரல் படாத இடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். வெட்டவெளியில் அலைக்குத் தடை கிடையாது. முற்றத்தை மூடி ‘ஹால்’ ஆக்கியவர்களுக்கு இந்த வசதி போச்சு.

கடைக்காரர் ‘ரிப்பீட்டர்’ வாங்கச் சொல்வார். வாங்கினால், சிக்னல் செத்த இடத்தில் கொண்டுபோய்ச் செருகாதீர்கள். தனக்கே காதில் விழாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் செருக வேண்டும். அப்போதும், ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். என்னைக் கேட்டால், ரேழியிலிருந்து ஒரு லேன் வயர் இழுத்து, கொல்லைக்கட்டில் இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக வைத்துவிடுங்கள். லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும். அவ்வளவு நீள வீடு என்றால் நீங்கள் சைக்கிளில்தான் காபி கொண்டுபோக வேண்டும்.

கே: பூஜையறையில் ரவுட்டர். முன்னால் வெண்ணெய் கிருஷ்ணர் தஞ்சாவூர் ஓவியம். தங்க ரேக்கு சிக்னலைத் தடுக்குமா?
– மேலவீதி, தஞ்சாவூர்

ப: வெண்ணெய் திருடியதாகத்தான் கேள்வி, வைஃபை அவர் கணக்கில் வராது. உலோகம் அலையைத் திருப்பியடிக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் படத்தில் அங்கங்கே ஒட்டிய ரேக்கு பெரிய தடையாகாது. பக்கத்தில் நிற்கும் இரும்பு பீரோவையும் அதன் நிலைக்கண்ணாடியையும் விசாரியுங்கள். மீன்தொட்டி இருந்தால் அதையும். தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.

கே: த்ரீ பேஸ் வந்து வயலில் மோட்டார் போட்டால் வீட்டில் நெட் போகிறது. மோட்டாருக்கும் நெட்டுக்கும் என்ன பகை?
– ஒரத்தநாடு விவசாயி

ப: போகும்போது ரவுட்டர் விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தால், குற்றவாளி கரண்ட். மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் சரியும். நல்ல அடாப்டர் தாக்குப்பிடிக்கும். வயசான அடாப்டர் ஒரு கணம் கண்ணை மூடினாலே போதும், ரவுட்டர் முதலிலிருந்து எழுந்து சோம்பல் முறித்து வர இரண்டொரு நிமிஷம் ஆகும். அடாப்டரை மாற்றுங்கள், அல்லது ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வையுங்கள். அடாப்டரில் அச்சடித்த வோல்ட், ஆம்பியர் ஒத்துப்போக வேண்டும். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்துவிட்டு எனக்குத் திட்டிக் கடிதம் எழுதக் கூடாது.

கே: ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டேன்.
– பட்டுக்கோட்டை வாசகர்

ப: பதினோராவது தடவை வேண்டாம். ‘லாஸ்’ விளக்கு சிவந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டிக்குப் பின்னால் வரும் மெல்லிய வயரைப் பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடக்கிச் செருகினால் மடிப்பில் ஒளி கசிந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடித்தவர் பீரோவை நகர்த்தி, அதன் கால் வயர் மேலேறியிருக்கலாம். பிடுங்கிய முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்கு நல்லதும் இல்லை. வீட்டுக்குள் சரியென்றால் தெருவில் நடந்து பாருங்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் லாரி பாதித் தெருவின் வயரை வாரிக்கொண்டு போகும். இதுவாவது ஒரு தெரு. 2018 நவம்பர் 16-இல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். கம்பத்தில் கட்டிய வயரும் கூடவே படுத்தது.

கே: 100 எம்.பி.பி.எஸ். என்கிறார்கள், படம் இறங்கும்போது 12 என்று காட்டுகிறதே?
– மன்னார்குடி மாணவர்

ப: அது பிட், இது பைட். 8-ஆல் வகுங்கள். ஏமாற்றம் கணக்கில்தான்.

கே: ராத்திரி எட்டு மணிக்கு மேல் வைஃபை படுத்துவிடுகிறது.
– மருத்துவக் கல்லூரி சாலை, தஞ்சாவூர்

ப: லேப்டாப்பை லேன் வயரில் மாட்டி வேகம் பாருங்கள். வயரில் ஓடினால், அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் கூச்சல்தான் காரணம், 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. காலியானதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது 5-க்கு மாறுங்கள். வயரிலும் நொண்டினால் கம்பெனி லைனில் நெரிசல். அந்த அளவைப் படமெடுத்துப் புகார் கொடுங்கள். ‘பிராட்பேண்டே இல்லை’ என்று மட்டும் சண்டை போடாதீர்கள். 2023-லிருந்து 2 எம்.பி.பி.எஸ். இருந்தாலே அந்தப் பெயர் செல்லும்.

கே: சம்பந்தி வீட்டார் வந்தால் முதலில் கேட்பது பாஸ்வேர்டு. கொடுக்கவும் பயம், மறுக்கவும் பயம்.
– மாயவரம் மாமா

ப: ரவுட்டரில் ‘கெஸ்ட்’ வைஃபை இருக்கும். தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. அவர்கள் பஸ் ஏறியதும் அணைத்துவிடலாம். பெயரை மட்டும் ‘சம்பந்தி’ என்று வைக்காதீர்கள்.