ஓரக்கண் ரசிகர்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் இவர் இருப்பார். கடைசிக்கு முந்தின வரிசை, ஓரத்து நாற்காலி, தோளில் துண்டு. பாட்டு எங்காவது ஒரு கணம் நின்றால் இவருடைய வலது கை பாதி உயரும். அதற்குள் கண் பக்கத்து ஆளின் மடிக்குப் போய்விடும். அங்கே கைதட்டல் கிளம்பினால் இவரும் தட்டிவிடுவார். கிளம்பாவிட்டால், தூக்கிய கையை வீணாக்க மாட்டார். ஒரு கொசுவை அடிப்பார். கச்சேரி முடியும்போது செத்த கொசுக்களை எண்ணினால், பாட்டு முடிந்ததா இல்லையா என்று எத்தனை இடத்தில் இவருக்குச் சந்தேகம் வந்தது என்று சொல்லிவிடலாம். இந்த ஆளைப் போலி என்று சொல்வது சுலபம். என் கட்சி வேறு: அரங்கில் ஒளிவுமறைவு இல்லாத ஒரே ரசிகர் இவர்தான்.

நல்ல ரசிகன் அக்கம்பக்கம் பார்க்க மாட்டானே என்பீர்கள். ஒரு பழைய கதை கேளுங்கள். 1859 ஜனவரியில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் தன் முதல் பியானோ கன்செர்ட்டோவைத் தானே வாசித்தார். ஹனோவரில் மரியாதையாகக் கேட்டார்கள். ஐந்தே நாள் கழித்து லைப்சிக்கில் அதே உருப்படி, அதே கை. இரண்டு மூன்று பேர் தட்டப் பார்த்ததும் நாலா பக்கமும் ‘உஸ்’ஸென்று சீறி அடக்கிவிட்டார்கள். இசை நுட்பம் தெரிந்த ஊர் என்று பேர் வாங்கிய ஊர் அது. சீறிய அத்தனை பேரும் தனித்தனியே யோசித்து ஒரே கணத்தில் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை. அன்று லைப்சிக்கில் நம்மவரின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் நிறைய இருந்திருக்கிறார்கள். அங்கே கொசு இல்லை, அவ்வளவுதான். இன்று உலகமெங்கும் அதே கன்செர்ட்டோவை எழுந்து நின்று கொண்டாடுகிறார்கள்.

அக்கம்பக்கம் பார்ப்பது அறியாமை, எப்போது தட்டுவது என்ற விதி தெரிந்தவன் தடுமாற மாட்டான் என்று அடுத்த ஆட்சேபம் வரும். எந்த விதி? 1778இல் பாரிஸில் தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கைதட்டியதை மோட்சார்ட் தன் அப்பாவுக்குப் பெருமையாக எழுதினார். கடைசிப் பகுதி முடிகிறவரை மூச்சுக் காட்டக்கூடாது என்பது பின்னால் வந்த பழக்கம். 2025 மார்ச் 8இல் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது முதல் பகுதி முடிந்ததுமே நம் ஆட்கள் தட்டிவிட்டார்கள். ஊர் திரும்பி அவரே அதைச் சொன்னார். மோட்சார்ட் காலத்து ஆட்கள் இதைக் குற்றமென்றே எண்ணியிருக்க மாட்டார்கள். விதி தெரிந்தவரும் ஒரு காலத்தில் ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றவர்தான். பார்த்ததை மறந்துவிட்டார், நம்மவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஊர்த் திருவிழாவிலாவது மனசு தானாகப் பேசாதா? சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் ராகத்தை இழைக்கும்போது யாரும் கைதட்டுவதில்லை. ஆனால் எல்லாக் கண்ணும் முன்னால் நிற்கும் ஒரு பெரியவரின் தலைமேல் இருக்கும். அது ஆடினால் தெருவே ஆடும். 2025 ஜூலை 27இல் கங்கைகொண்ட சோழபுரத்து ஆடித் திருவாதிரை விழாவில், பிரதமர் முன்னிலையில் இளையராஜாவின் இசை நடந்தது. திருவாசகத்தை மேற்கத்திய வாத்தியக் குழுவோடு சேர்த்துக் கட்டியவர் அவர். பக்திப் பாட்டென்றால் கும்பிட வேண்டும், சினிமாக்காரர் மேடையென்றால் விசில், சிம்பொனி என்றால் மௌனம், தலைவர் முன்னிலை என்றால் அடக்கம். இந்த நாலும் ஒரே பந்தலுக்குள் வந்தால் ஒரு மனிதன் இரண்டு கையை வைத்துக்கொண்டு என்னதான் செய்வான்?

அடுத்த ஆடித் திருவாதிரைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கையைக் கொஞ்சம் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் அதை நம்பித்தான் வந்திருப்பார்.